சவரிநாதனின் பாஸ் கிட்டார்

எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

மேடையில், விளக்கு வெளிச்சத்தில், அந்த பாஸ் கிட்டார். பக்கத்தில் ஒரு புகைப்படம். புகைப்படத்துக்குச் சந்தன மாலை.

படத்தில் இருந்தது அவர்தான். முப்பது வயதில். காதை மூடிய முடியோடு.

“மறைந்த இசைக்கலைஞர் சவரிநாதன் அவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனம்” என்று இப்போதுதான் மைக்கில் சொல்லியிருந்தார்கள்.

பக்கத்து நாற்காலிப் பெண் குனிந்தாள்.

“சார், எழுந்திருங்க. மரியாதைக்கு.”

எழுந்தார்.

தனக்காகத் தானே நின்றார்.   

பழைய கிட்டார்கள் ஏலம் என்று ஒரு சுவரொட்டியில் பார்த்திருந்தார். தன்னுடையதும் வருமோ, ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு வரலாமே என்றுதான் நுங்கம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினார்.

ஸ்டூடியோ ஸ்டூடியோவாகத் தோளில் சுமந்த கருவி. விரல்கள் மடங்க மறுத்த பிறகு நிரஞ்சனுக்குக் கொடுத்தார். ஒரு பழைய ஸ்கூட்டரின் விலைக்கு.

நிரஞ்சனுக்கு வாசிக்கத் தெரியாது. சேர்க்கத் தெரியும். வீட்டில் கண்ணாடி அலமாரி நிறைய பாஸ் கிட்டார்கள். “அறுபத்தாறுல அமெரிக்காவுல செஞ்சது அங்கிள். இனிமே தங்கத்தைவிட வேகமா ஏறும்” என்று அன்றைக்கே ஒளிக்காமல் சொன்னவன்தான்.

ஏறிவிட்டது. ஆரம்ப விலையே பன்னிரண்டு லட்சம்.

மௌனம் முடிந்தது. மேடையில் நிரஞ்சன் தலை நிமிர்ந்தான். அவரைப் பார்த்தான்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

இறங்கி வந்து அவர் காலருகே குந்தினான். சத்தம் வெளியே வராமல் பேசினான்.

“அங்கிள்... நடுவுல தூத்துக்குடிக்குப் போயிட்டீங்க. போனே எடுக்கல. நீங்க தவறிட்டதா ஒருத்தர் சொன்னாரு. நம்பித்தான் நெட்ல போட்டேன், சத்தியமா. மறுநாளே விலை ரெண்டு மடங்கு ஆயிடுச்சு.”

“அப்புறம்?”

“போன மாசம்தான் தெரிஞ்சுது, நீங்க உயிரோட திரும்பி வந்திருக்கீங்கன்னு.”

அவர் மேடையில் இருந்த மாலையைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னைக்கு ஒரு நாள் பேசாம இருந்துடுங்க அங்கிள். கால்ல விழறேன்.”

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி.

“வாங்கறதுக்கு முன்னாடி சத்தத்தைக் கேக்கணுமே. யாராவது வாசிச்சுக் காட்டுங்கப்பா.”

ஒருவரும் எழவில்லை.

சவரிநாதன் மேடையை நோக்கி நடந்தார். நிரஞ்சன் தடுக்க நீட்டிய கை பாதியில் நின்றது.

மேடையேறி, கிட்டார்ப் பட்டையைத் தோளில் மாட்டி, ஒயரை ஆம்ப்ளிஃபையரில் செருகினார். தந்திகள் தளர்ந்து கிடந்தன. முறுக்கிச் சுருதி சேர்த்தார். அடித் தந்தியைத் தொட்டதும் மேடைப் பலகை உள்ளங்காலில் அதிர்ந்தது.

விரல்கள் முதலில் தடுமாறின. பிறகு தாமாகவே வழி கண்டுபிடித்தன.

கைதட்டினார்கள்.

வெள்ளைச் சட்டைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது மேடைவரை கேட்டது.

“நல்லாத்தான் வாசிக்கிறார். ஆனா சவரி கை வேற சார். அது போயிடுச்சு.”

பக்கத்திலிருந்தவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

சவரிநாதன் கிட்டாரைக் கழற்றி வைத்தார். படிகளில் இறங்கினார். வெளியே போய்விடத்தான் நினைத்தார். கடைசி வரிசைக்கு மேல் கால் நகரவில்லை.

நிரஞ்சன் மேடைக்குத் திரும்பினான். ஏலம் தொடங்கியது.

பதிமூன்று. பதினைந்து. பதினெட்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் அரங்கில் ஒரு முணுமுணுப்பு. இறந்தவனுக்கு இவ்வளவா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

பத்தொன்பது.

சட்டைப்பையில் வீடு திரும்பும் பஸ் காசு இருந்தது.

ஏன் கையைத் தூக்கினார் என்று அவருக்குத் தெரியாது.

“இருபது! பின்வரிசையில் பெரியவர்!”

தலைகள் திரும்பின. பதிவு செய்கிற பெண் மடிக்கணினியோடு வந்தாள்.

“உங்க பேர் சார்?”

மேடையில் நிரஞ்சன் கண்களை மூடிக்கொண்டான்.

அவர் சொன்னார்.

அவள் தட்டத் தொடங்கினாள். பாதிப் பெயரில் விரல் நின்றது. நிமிர்ந்து மேடையிலிருந்த படத்தைப் பார்த்தாள், பிறகு அவரை.

“இனிஷியல்...” என்றாள்.