தலைமாட்டுப் பலகை

சமையலறை அலமாரிகளுக்குப் புதுக் கதவு போட ஞானசேகரன் ஒதுக்கியிருந்த தொகை பாதி வேலையிலேயே கரைந்துவிட்டது. தூசி ஆகாதென்று அம்மாவைத் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருந்தான். அவளுடைய தேக்குக் கட்டிலைத் தச்சர் கண்ணாலேயே அளந்தார்.

"இதை அறுத்தா பலகைச் செலவே இல்ல சார். ஆனா அம்மா வந்தா எங்க படுப்பாங்க?"

"அவங்க இனிமே அங்கதான் இருப்பாங்க" என்றான். சொல்லும்வரை அப்படியொரு எண்ணம் தனக்குள் இருந்தது அவனுக்கே தெரிந்திருக்கவில்லை.

வந்தவர்களெல்லாம் கதவுகளின் மெருகைப் புகழ்ந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு காலை அம்மா பையோடு வாசலில் வந்து நின்றாள். கட்டில் கிடந்த இடத்தில் சாப்பாட்டு மேசை இருந்தது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். "அடுப்படி நல்லா வந்திருக்குப்பா" என்றாள். காப்பிக்குச் சர்க்கரை எடுக்க மேடைக்குக் கீழிருந்த கதவைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உட்புறத்தில் மெருகு ஏற்றியிருக்கவில்லை. தினமும் படுக்கும் முன் நெற்றியிலிருந்து எடுத்துக் கட்டிலின் தலைமாட்டில் அவள் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள் அதில் வரிசையாக இருந்தன.

"புதுக் கட்டில் ஒண்ணு வாங்கிடலாம்மா."

"எதுக்குப்பா வீண் செலவு?"

மதியம் சாப்பிட்டு முடித்ததும் அம்மா மறுபடி அடுப்படிக்குப் போனாள். அந்தக் கதவைத் திறந்து, நெற்றிப் பொட்டை எடுத்து வரிசையின் கடைசியில் ஒட்டினாள். பிறகு கதவை மூடாமல், அதன் பக்கம் தலைவைத்து, புதுத் தரையில் முந்தானையை விரித்துப் படுத்துக்கொண்டாள்.