மத்தியான மெசேஜ்

மகன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. அதனால்தான் இன்னொரு கிரெடிட் கார்டு எடுப்பதென்று லிஃப்ட் மெக்கானிக் முடிவு செய்தார்.

கார்டு கம்பெனி ஆள் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். உட்கார்ந்ததுமே டேப்லெட்டைத் திறந்து, "ஏற்கெனவே ரெண்டு கார்டு ஓடுது போல சார்?" என்றார்.

"ஓடலை தம்பி. இழுத்துக்கிட்டுக் கிடக்கு."

இரண்டுமே மகனின் படிப்புக்காகத் தேய்த்தவை. படிப்பு பாதியில் நின்றுபோனது. கடன் மட்டும் நிற்காமல் வட்டியும் குட்டியுமாக வளர்ந்தது. ஒரு நாள் ராத்திரி, சாப்பிட உட்கார்ந்த மகனிடம் ஆத்திரத்தில், "என் காசுல தின்ன உனக்கு வெக்கமா இல்லை?" என்று கேட்டுவிட்டார். மகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். விடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். போனையும் அணைத்துவிட்டான்.

ஒரு வாரம் மெக்கானிக் சோற்றில் கை வைக்கவில்லை. மனைவி கெஞ்சினாள், அழுதாள், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் அவர் போனில் மெசேஜ் வந்தது.

மகன் கல்லூரியில் சேர்ந்தபோது தன் கணக்கிலேயே அவனுக்கும் ஒரு துணைக் கார்டு வாங்கித் தந்திருந்தார். அதில் ஒரு சாப்பாட்டுக் காசு கழிந்திருந்தது. ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஓட்டல் அது. போட்டோவும் கையுமாகக் கிளை கிளையாக ஏறி இறங்கியும் மகன் கிடைக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டார்.

"கோவம் இருந்தா என் கார்டுல சாப்பிடுவானா? மன்னிச்சுட்டான்டி என்னை" என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி அழுதார்.

அதிலிருந்து மத்தியானம் ஆனால் மெசேஜ் வந்துவிடும். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்டுக்கு அடியில் கிடந்தாலும், அது வந்த பிறகுதான் அவர் டிபன் பாக்ஸைத் திறப்பார். மூன்று நாளாக அது வரவில்லை.

"லிமிட் முட்டிடுச்சு தம்பி. பையன் கார்டை நீட்டிட்டு, ஓடலைன்னதும் அவமானப்பட்டுத் திரும்பியிருப்பான். இந்தப் புதுக் கார்டுல எடுத்துப் பழசைக் கட்டிட்டா அவனுக்கு வழி பொறந்துடும்ல?"

"தாராளமா சார். பழைய பாக்கியை இதுக்கு மாத்திடலாம். ஆறு மாசம் வட்டி ரொம்பக் கம்மி." ஏழாவது மாதம் என்ன ஆகும் என்பதை டைக்காரர் சொல்லவில்லை. மெக்கானிக்கும் கேட்கவில்லை.

கட்டிலில் போர்வைக்குள் சுருண்டு கிடந்த மனைவி எழுந்து வந்தாள். கூரியர் ஆபீசில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறவள். மூன்று நாளாகக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. காலையில்கூட, "ஒரு நடை வெளிய போயிட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டியவளை அவர்தான் அதட்டிப் படுக்க வைத்திருந்தார்.

"வேணாங்க. இருக்கற ரெண்டுக்கே நாக்குத் தள்ளுது. மூணாவதும் வந்தா நம்மளால எழுந்திருக்கவே முடியாது."

"எழுந்திருக்காட்டிப் போகுது. பையன் பட்டினி கிடக்கான்."

"எங்கயாவது சாப்பிட்டிருப்பான்ங்க."

"மூணு நாளா? நீயெல்லாம் பெத்தவளா? புள்ள வயித்தைப் பாக்காம வட்டியைப் பாக்கறே!"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டைக்காரர் தர்மசங்கடமாக டேப்லெட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"சம்பள விவரம், முகவரி எல்லாம் ஏத்தியாச்சு சார். இப்ப உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும். அதை மட்டும் சொன்னீங்கன்னா முடிஞ்சுது."

போன் சத்தமிட்டது. மெக்கானிக் பாய்ந்து எடுத்தார். முகம் அப்படியே மலர்ந்தது. "சாப்பிட்டுட்டான்..." என்று ஆரம்பித்தவர் திரையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். வந்தது ஓடிபிதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படிக்கத் தொடங்கினார்.

"நாலு... ஏழு..."

"சொல்லாதீங்க!"

அவள் அப்படிக் கத்தி அவர் கேட்டதே இல்லை. ஆணியில் தொங்கிய கைப்பையை எடுத்து, உள் ஜிப்பைத் திறந்து, மேசைமேல் ஒரு கார்டை வைத்தாள். மகனின் பெயர் போட்ட கார்டு.

மெக்கானிக் நாற்காலி விழுவதைக்கூடக் கவனிக்காமல் எழுந்தார். "வந்தானா? எங்க பாத்தே? வெளிய நிக்கறானா?" வாசலுக்கு ஓடி மாடிப்படியை எட்டிப் பார்த்தார். "உள்ள வரச் சொல்லு! நான் ஒண்ணும் திட்ட மாட்டேன்னு சொல்லு!"

மாடிப்படியில் யாரும் இல்லை.

"நான் அவனைப் பாக்கலைங்க." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க ஒரு வாய் சாப்பிடணுமேன்னுதான்... காய்ச்சல்ல நான் படுத்துட்டேன், அதான் மூணு நாளா மெசேஜ் வரலை."

மெக்கானிக் மெல்லத் திரும்பி வந்தார். கார்டைத் தொடப் பயந்தவர் மாதிரி மேசையருகே நின்றார்.

"அப்ப... அவன்?"

"அவன் இதை எடுத்துட்டுப் போகவே இல்லைங்க."