கை ஓய்ந்த பிட்சர்

"அந்த மேனேஜருக்கு மூளையே இல்லக்கா!" என்றான் வெண்டல், தங்கள் பேஸ்பால் அணி தோற்றதை டிவியில் பார்த்து. "பந்து போடுற பிட்சருக்குக் கை ஓஞ்சு போச்சு. மாத்து ஆளு ரெடியா நிக்கிறான். அப்பவே வெளிய எடுத்திருக்கணும்."

"போடா, பெரிய மேனேஜரு! இன்னும் ஒரு இன்னிங்ஸ் போட முடியும்னு அந்த பிட்சரே சொன்னான்ல?" என்றாள் அக்கா கொரீன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அப்பா கத்துவாரே, 'முடியலன்னு எந்த பிட்சரும் சொல்ல மாட்டான், மேனேஜர்தான் பாத்து எடுக்கணும்'னு. மறந்துட்டியா?"

கொரீன் எதிரே மூடியிருந்த கதவைப் பார்த்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் அந்தக் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார். "உங்க அப்பாவோட சுவாசக் கருவிய எடுத்துடலாமா? முடிவு பண்ணிட்டீங்களா?"

வெண்டல் சட்டென்று எழுந்தான். "இன்னும் ஒரே ஒரு நாள், டாக்டர்..."

கொரீன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துடுங்க, டாக்டர். முடியலன்னு அப்பா சொல்ல மாட்டாரு."