அந்த ஒரு ஸ்டூல்

விடுமுறையில் கல்லூரி பூட்டிக் கிடந்தது. காவலாளி செந்தட்டி எங்களுக்காக ஆய்வகத்தைத் திறந்துவிட்டார். பொறியியல் கலந்தாய்வில் அன்று மாலைக்குள் கல்லூரியையும் படிப்பையும் உறுதி செய்ய வேண்டும். அரசுக் கல்லூரியில் சிவில் என்பது என் விருப்பம். இங்கே கம்ப்யூட்டர் சயின்ஸும் மேற்படிப்பும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு என்பது அப்பாவின் முடிவு.

“உக்காந்து பாருடா, பிடிச்சிரும்” என்றார் அப்பா.

இரும்பு ஸ்டூல்கள் தூசி படிந்து சில்லென்று இருந்தன. கடைசி ஸ்டூலில் மட்டும் தூசி இல்லை. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் அது சூடாக இருந்தது.

“அண்ணே, இங்க யாராச்சும் இருந்தாங்களா?”

“ரெண்டு மாசமா பூட்டித்தான் கெடக்கு தம்பி. உக்காருங்க” என்றார் செந்தட்டி, என்னைப் பார்க்காமல்.

உட்கார்ந்தேன்.

“சிவில் படிச்சு செங்கல் எண்ணப் போறியாக்கும்” என்று சிரித்தபடியே அப்பா செல்போனில் தன் முடிவை உறுதி செய்தார். “முடிஞ்சுது. வா, பிரியாணி சாப்பிடலாம்.”

என்னால் எழ முடியவில்லை. கூப்பிட்டேன், குரல் வரவில்லை. அப்பா ஒருவன் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டே வெளியேறினார். அவன் என் சட்டையைப் போட்டிருந்தான். முகமும் என்னுடையதுதான். செந்தட்டி கதவைப் பூட்டினார்.

அடுத்த சுற்றுக் கலந்தாய்வின்போது ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். அந்தப் பெண் ஒவ்வொரு ஸ்டூலாகத் தொட்டுக்கொண்டே வந்து என் மடியில் கை வைத்தாள்.

“அம்மா, இது மட்டும் சுடுது.”

“சும்மா உக்காந்து பாரு புள்ள.”

அவள் உட்கார்ந்துவிட்டால் நான் எழுந்துவிடலாம். அசையாமல் காத்திருந்தேன்.