நாற்பத்தோராம் வரி

"ஆறு மாசமா ஒரே பொய் அலாரத்தை ஒவ்வொரு நாளும் மூடுறீர். உமக்கு வேறை வேலையே இல்லையோ?"

நான் ஏச ஏச வசந்தினி தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டா.

எங்கடை மென்பொருள் ஒபிஸிலை, எழுதின புரோகிராம் எல்லாத்தையும் ஒவ்வொரு நாளும் காலமை ஒரு ஸ்கேனர் துருவிப் பாக்கும். கள்ளன் புகுற ஓட்டை இருக்கெண்டு கத்தும். பத்துக்கு எட்டு சும்மா கத்தல். உண்மையானதைப் பொறுக்கி எடுத்து மிச்சத்தை மூடுறது வசந்தினியின்ரை வேலை.

அதிலை உந்த நாற்பத்தோராம் வரி என்ரை சீவனை எடுத்தது. அதிலை கிடக்கிறது, சோதிச்சுப் பாக்கிறதுக்கு எழுதி வைச்ச ஒரு சும்மா பாஸ்வேர்ட். அதாலை ஒரு பூட்டும் திறக்காது. "இதை விட்டிடு" எண்டு ஒரு குறிப்புப் போட்டால் ஸ்கேனர் பிறகு வாயே திறக்காது. போட்டால்தானே!

எழுதினவரிட்டை வாயாலை கேக்காமல் ஒரு அலாரத்தையும் மூடக்கூடாது எண்டது எங்கடை ஒபிஸ் சட்டம். எழுதினவர் றொகான் அண்ணை. கோப்பாயிலை வீட்டிலை இருந்தபடி வேலை செய்யிறவர். அதாலை தினமும் பத்து மணிக்கு வசந்தினி அவருக்குப் போன் எடுப்பா.

"அண்ணை, நாற்பத்தொண்டு திரும்பவும் கத்துது. அது கிடக்கட்டும், சாப்பிட்டியளோ?"

கால் மணித்தியாலம் போகும். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

"வாற கிழமை உம்மடை ஒப்பந்தம் முடியுது. புதுப்பிக்கிறது என்ரை கையிலை. அந்த வரியை அடக்கத் தெரியாதோ?"

"தெரியும் சேர்."

"பிறகென்ன?"

குனிஞ்ச தலை நிமிராமலே சொன்னா.

"அண்ணையின்ரை மனுசி தையிலை காலமாகிட்டா சேர். பிள்ளையளும் இல்லை. ஒருநாள் நான் போன் எடுக்க அவருக்குக் குரலே வரேல்லை. செருமிச் செருமிக் கதைச்சார். 'நேற்று உம்மோடை கதைச்சதுக்குப் பிறகு இப்பதான் பிள்ளை வாய் திறக்கிறன்' எண்டார்."

எனக்கும் மனம் ஒருமாதிரித்தான் போச்சு. எண்டாலும், இரக்கம் பாத்து ஒபிஸ் நடத்தேலுமே? அண்டைக்குப் பின்னேரமே, றொகான் அண்ணையைக் கேக்காமல், நானே அந்தக் குறிப்பைப் போட்டுவிட்டன்.

அடுத்தநாள் ஸ்கேனர் நாற்பத்தொண்டைப் பற்றி மூச்சு விடேல்லை. பத்து மணியாச்சு. வசந்தினி தன்ரை போனைப் பாத்துக்கொண்டு இருந்தா.

அடிச்சது என்ரை போன். றொகான் அண்ணை.

"தம்பி, நாற்பத்தோராம் வரியை ஆர் அடக்கினது?"

"நான்தான் அண்ணை. வீண் அலாரம்தானே..."

"இருவது வருசமா கோட் எழுதுறன். எனக்கு அடக்கத் தெரியாதெண்டே நினைச்சனீர்? அந்தப் பிள்ளை கொழும்புத்துறையிலை அறை எடுத்துத் தனிய இருக்குது. தாய் தேப்பனும் இல்லை. ஒபிஸிலையும் தன்னோடை ஒருத்தரும் கதைக்கிறேல்லை எண்டு ஒருநாள் வாய் தவறிச் சொன்னது. அதுக்காண்டித்தான் அந்த வரியை நான் தொடாமல் விட்டனான். திரும்பக் கத்த விடும் தம்பி."

அவவும் உங்களைப் பற்றி இதைத்தான் சொன்னவ எண்டு சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொல்லேல்லை. போனை வைச்சுட்டு, போட்ட குறிப்பை அழிச்சன். ஒப்பந்தத்திலையும் கையெழுத்து வைச்சன்.

என்ரை மேசையிலை இருந்து நாலு அடி தள்ளித்தான் வசந்தினியின்ரை மேசை. ஒண்டரை வருசமா அதிலைதான் இருக்கிறா.

"சாப்பிட்டீரோ?" எண்டு கேட்டன்.

திடுக்கிட்டு நிமிந்தா. குரல் வரேல்லை. செருமினா.

நேற்று நான் ஏசினதுக்குப் பிறகு அப்பதான் அவ வாய் திறக்கிறா.