ஒடிந்த கொடுக்கு

"மூணு போட்டோலயும் இருக்கறது ஒரே நண்டு, அர்ச்சனா."

ஹரிஹரன் செல்போனை நீட்டினார். மூன்று படங்களிலும் இடது கொடுக்கு பாதி ஒடிந்த ஒரு சினை நண்டு. அடிவயிறு நிறைய முட்டை.

அர்ச்சனாவின் முகம் வாடியது. இரண்டு வருடங்களுக்கு முன் அவள் ஒரு ஸ்டார்ட்-அப் தொடங்கியிருந்தாள். பழவேற்காடு ஏரியில் சினை நண்டு சிக்கினால், மீனவர்கள் படம் எடுத்து ஆப்பில் போட்டுவிட்டு, நண்டைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். விற்றால் கிடைக்கும் விலையைக் கம்பெனி கொடுத்துவிடும். ஏரியில் நண்டு அழியாமல் இருக்கும்.

அதில் முதலீடு செய்யலாமா என்று பார்க்கத்தான் ஹரிஹரன் சென்னையிலிருந்து ஏரிக்கரையில் உள்ள பசியாவரம் கிராமத்துக்கு வந்திருந்தார்.

"ஒரு நண்டைக் கட்டிப் போட்டுக்கிட்டு, ஆளுக்கொரு போட்டோ எடுத்து காசு பாக்கறாங்க. இதை நம்பி நான் எப்படிப் பணம் போடறது?"

கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த ஜெயம்மா நிமிர்ந்தாள். மூன்றில் ஒன்று அவள் அனுப்பிய படம்.

"ஒரே நண்டுதான் சார். யாரு இல்லன்னது?"

"நீங்களே ஒத்துக்கறீங்களா?"

"இதுல ஒத்துக்க இன்னா சார் இருக்குது? முட்டை வுடறதுக்கு அது கடலுக்குப் போவுது. போற வழியெல்லாம் எங்க வலைதான். மொதல்ல தோணிரேவுல முத்துராஜுக்கு மாட்டிச்சு, வுட்டான். அப்பறம் எனக்கு மாட்டிச்சு, வுட்டேன். கடைசியா முகத்துவாரத்தாண்ட பஷீர் பாய் வுட்டாரு. முத்துராஜ் அன்னிக்கே வித்துருந்தா எனக்கு எப்பிடி சார் மாட்டும்?"

ஹரிஹரன் படங்களின் அடியில் இருந்த தேதியையும் இடத்தையும் பார்த்தார். எட்டு நாள். மூன்று இடங்கள். ஒவ்வொன்றும் கடலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில்.

செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டு ஜெயம்மாவிடம் திரும்பினார்.

"நான் அவசரப்பட்டுட்டேம்மா. தப்பா நினைச்சுக்காதீங்க."

"பரவால்ல சார்," என்று ஜெயம்மா மறுபடி வலைக்குத் திரும்பினாள்.

ஹரிஹரன் அர்ச்சனாவைத் தனியே அழைத்துப் போனார்.

"அவங்க மேல தப்பில்லை. ஆனா ஒரே நண்டுக்கு மூணு பேருக்குப் பணம் குடுத்திருக்கீங்களே? இப்படிக் குடுத்தா கம்பெனி எத்தனை நாள் ஓடும்?"

அர்ச்சனா தயங்கினாள்.

"யாருக்கும் குடுக்கலை சார். எங்க பணம் தீர்ந்து மூணு மாசமாச்சு. இனிமே தர முடியாது, நண்டை வித்துக்கோங்கன்னு வீடு வீடா போய்ச் சொல்லிட்டு வந்தேன். இந்த மூணு போட்டோவும் அதுக்கப்புறம் வந்தது."