சட்டை சொன்ன இடம்

நீலக்கொடி மகளிர் கால்பந்து அணியில் யார் எங்கே நிற்பது என்பதைச் சட்டைதான் தீர்மானிக்கும். பயிற்சியாளர் முனைவர் தனசிங்கின் வியூகம் அதில் ஏற்றப்பட்டிருந்தது. இடம் மாறினால் காலர் கழுத்தில் குத்தும். தடுப்பாட்டக்காரி மெர்லின் ஆறு வருடமாக நடுக்கோட்டைத் தாண்டியதில்லை. இந்த வருடத்தோடு ஓய்வு. அதற்குள் ஒரேயொரு கோல் அடித்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

அரையிறுதிக்கு முந்தைய நாள் யாரோ வெந்நீரில் ஊறவைத்ததில், சட்டைகளின் எண்களெல்லாம் உரிந்து வந்துவிட்டன. மறுநாள் அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டார்கள். விசில் ஊதியதும் காலர் மெர்லினை முன்னே நெட்டித் தள்ளியது.

“ஏய் மெர்லினு, எங்கடி ஓடுற?” கோல்கீப்பர் அலறினாள்.

“சட்டை இட்டுனு போவுதுக்கா!”

எழுபதாவது நிமிடத்தில் அவள் உதைத்த பந்து வலைக்குள் கிடந்தது. எப்போதும் முன்னால் ஓடும் ஷகிலா, பின்வரிசையிலிருந்து கைதட்டினாள். “இன்னிக்குதான்க்கா மூச்சு வாங்காம மேட்ச் பாத்தேன்!”

“எனது பத்தாண்டு ஆய்வின் விளைவு இது,” என்று தனசிங் மைக்கில் முழங்கினார்.

இறுதிப் போட்டிக்காக எண்களை மறுபடி ஒட்டிய சட்டைகளைத் துவைக்கும் வேலையை மெர்லின் கேட்டு வாங்கிக்கொண்டாள். தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள்.